எர்மெஸுக்குக் கை சும்மா இருக்காது

சாஸ்ஸுவோலோ ஊரில் டைல்ஸ் சுடும் சூளைகள் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டிருந்த வருஷம் அது. எர்மெஸ் ஜிபெல்லினி வேலை பார்த்த சூளையும் மார்ச்சில் அணைந்தது. மீசை முளைக்கும் வயதில் அதற்குள் போனவர், தலை நரைத்த பிறகு வெளியே வந்தார். இரவு பகலாக எரிகிற நெருப்புக்கு வாயு எவ்வளவு, காற்று எவ்வளவு என்று பார்த்துக்கொள்வதுதான் அவருக்குத் தெரிந்த வேலை. ஆர்டர் வந்தால் கூப்பிடுகிறோம் என்று அனுப்பிவிட்டார்கள். அரசாங்கம் ஏதோ கொடுத்தது, சோற்றுக்குக் குறைவில்லை. கைக்குத்தான் வேலையில்லை.

வீட்டு முற்றத்தில் அவருடைய பழைய ஆல்ஃபா கார் நின்றது. எழுபதுகளில் வந்த வண்டி, மஞ்சள் காவி நிறம். வருஷத்துக்கு ஒருமுறை, ஜூன் மாதம், செர்ரா மலைச்சாலையில் நடக்கும் ஏற்றப் பந்தயத்தில் அதை ஓட்டுவார். பரிசு வாங்கியதில்லை, கடைசியாகவும் வந்ததில்லை. பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் இரட்டைக் கார்புரேட்டர், நான்கு குழல், குழலுக்கு ஒரு ஸ்குரூ. ஸ்குரூவை உள்ளே திருகினால் பெட்ரோல் குறையும், வெளியே திருகினால் தூக்கலாகும். முன்பெல்லாம் சனிக்கிழமை மட்டும்தான் அதில் கை வைப்பார். இப்போது காபி குடித்த கையோடு முற்றத்துக்குப் போய்விடுவார்.

முதல் குழலில் அரைக்கால் திருகல். எஞ்சின் நன்றாக உறுமுவதுபோல் இருக்கும். உடனே இரண்டாவது மட்டமாகத் தோன்றும். அதைச் சரிசெய்தால் நான்காவது குறை சொல்லும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி வெயிலில் பிடித்துப் பார்ப்பார். கறுத்திருந்தால் பெட்ரோல் தூக்கல், வெளுத்திருந்தால் குறைச்சல். பிஸ்கட் நிறத்தில் இருந்தால் சரி. சரியாக இருந்த நாளில்கூட ஸ்குரூடிரைவரைக் கீழே வைக்க அவருக்கு மனசு வரவில்லை.

அவர் மனைவி லொரெத்தா வீட்டின் கீழ்த்தளத்தில் பெண்களுக்கு முடிவெட்டும் கடை வைத்திருந்தாள். வண்டிப் புகை நேரே கடைக்குள் வந்தது. சாயம் போட்டுக்கொள்ள வந்த தபால்காரர் மனைவி, என் தலையில் பெட்ரோல் நாறுகிறது என்று பாதியில் எழுந்து போனாள். அன்று லொரெத்தா நகப்பூச்சுப் பாட்டிலோடு முற்றத்துக்கு வந்தாள். நான்கு ஸ்குரூவின் தலையிலும் சிவப்பாக ஒரு பொட்டு வைத்தாள்.

"பூச்சு உடைஞ்சுதுன்னா எனக்குத் தெரிஞ்சுபோகும். பந்தயம் முடியறவரைக்கும் இதுல கைய வெச்சேன்னா, சமையலும் நீதான் பண்ணணும்" என்றாள்.

எர்மெஸ் தலையாட்டினார். அதன்பிறகு கை வைக்கவில்லை. ஆனால் மேசையில் சாப்பாட்டுத் தட்டைத் திருப்பித் திருப்பி வைத்தார். ஒழுகாத குழாயை இறுக்கினார். விடிவதற்கு முன்பே எழுந்து தெருவில் நடந்தார். தொழிற்சாலைப் பக்கம் போகக் கூடாது என்று கிளம்பி, தினமும் அதன் கேட்டில்தான் போய் நின்றார். ஒரு சத்தமும் இல்லாத அந்தக் கட்டடத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

பந்தய நாள் வெயில் காய்ந்தது. வரிசையில் அவருக்கு முன்னால் ஆத்தோஸ் நின்றான். லாரி டயர் விற்கிறவன், பள்ளிக்கூடத்திலிருந்தே கூட்டாளி, வருஷா வருஷம் எர்மெஸை முந்துகிறவன். வரிசை நகராமல் நிற்க நிற்க, எர்மெஸுக்குத் தன் எஞ்சின் கரகரப்பதுபோல் தோன்றியது. மேலே காற்று மெலிந்துவிடும், பெட்ரோல் தூக்கலாகிவிடும் என்று மனம் அரித்தது. இறங்கிப் பானெட்டைத் திறந்தார்.

"எர்மெஸு, வண்டி நல்லாத்தான்டா இருக்கு. மூடிட்டுப் போய் உக்காரு" என்றான் ஆத்தோஸ்.

"மலைமேல மூச்சு முட்டும்டா."

"உனக்கா, வண்டிக்கா?"

எர்மெஸ் ஸ்குரூடிரைவரை எடுத்தார். சிவப்புப் பூச்சைச் சுரண்டிவிட்டு நான்கையும் உள்ளே திருகினார். ஒரே அளவாகத் திருகினாரா என்பது அவருக்கே தெரியாது.

முதல் இரண்டு வளைவிலும் வண்டி பறந்தது. மூன்றாவது வளைவில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தபோது எஞ்சின் பெட்ரோல் போதாமல் ஒருகணம் திணறி, கார்புரேட்டர் வழியாகத் தீப்பொறி தும்மியது. மறுபடி மிதித்தார், மறுபடி தும்மல். மூன்றாவது தும்மலில் பானெட் இடுக்கிலிருந்து புகை வந்தது. ஓரங்கட்டி இறங்குவதற்குள் மஞ்சள் பெயின்ட் கொப்பளிக்க ஆரம்பித்திருந்தது. வளைவில் நின்ற பந்தயக் காவலர் ஒருவர் ஓடிவந்து தீயணைப்புப் பொடியைக் கொட்டினார். தீ அடங்கியது. வண்டி, எர்மெஸ், பக்கத்து முட்புதர் எல்லாம் மாவில் புரண்டதுபோல் வெள்ளையாக நின்றன.

இரண்டு வளைவுக்கு மேலே மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த லொரெத்தா, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள். அவர் முகத்தைத் துடைத்தாள், புருவத்தைத் தடவிப் பார்த்தாள்.

"முடி பத்திக்கிட்டிருந்தா அப்புறம் நான் என்னத்த வெட்டறது?" என்றாள்.

எர்மெஸுக்குச் சிரிப்பு வந்தது. சாலையோரச் சுவரில் உட்கார்ந்து, முழங்காலில் படிந்த பொடியைத் தட்டிக்கொண்டேயிருந்தார்.

"எது சரியா இருந்துச்சுன்னே எனக்கு மறந்துபோச்சு, லொரெத்தா. மார்ச் மாசத்துலேர்ந்து தேடிக்கிட்டேயிருக்கேன்" என்றார்.

அவள் அந்த முழங்காலின்மேல் கையை வைத்தாள்.

பொடி போன இடமெல்லாம் துருப்பிடிக்கும் என்பதால் கார்புரேட்டர்களை முழுக்கப் பிரித்துக் கழுவ வேண்டியிருந்தது. அதற்கே ஜூலை போயிற்று. திரும்ப மாட்டுகிற அன்று ஆத்தோஸ் வந்து, எர்மெஸை ஓட்டுநர் இருக்கையில் தள்ளினான். நான் சொன்னால் மட்டும் மிதி, மற்றபடி ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்காதே என்று கண்டிப்பாகச் சொன்னான். நான்கு ஸ்குரூவையும் அடிவரை இறக்கி, ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்து, புதிதாக ஆரம்பித்தான். கொஞ்சம் பெட்ரோல், கொஞ்சம் காற்று, மறுபடி பெட்ரோல். சாயங்காலம் ஆவதற்குள் எஞ்சின் ஒரே சீராக ஓடியது. கடையிலிருந்து லொரெத்தா எட்டிப் பார்த்தாள். எர்மெஸ் கதவைத் திறந்து இறங்கப் பார்த்தார். ஆத்தோஸ் வெளியிலிருந்து கதவை முழங்காலால் சாத்தினான். மூவரும் முற்றத்திலேயே சலாமி இறைச்சியும் லம்புருஸ்கோ ஒயினும் வைத்துச் சாப்பிட்டார்கள். வண்டியை யாரும் தொடவில்லை.

அக்டோபரில் தொழிற்சாலையிலிருந்து அழைப்பு வந்தது. சூளைக்கு அல்ல, அது இனி எரியப் போவதில்லை. வேறு இடத்தில் சுட்ட டைல்ஸைப் பெட்டி கட்டும் பிரிவுக்கு. நெருப்பைப் பார்த்த கண்ணுக்கு அட்டைப்பெட்டியா என்று இரண்டு நாள் முற்றத்தில் சுற்றிச் சுற்றி நடந்தார். பிறகு போய்ச் சேர்ந்தார். பெட்டிகள் வரும் பெல்ட் கொஞ்சம் மெதுவாக ஓடுகிறது, ஒரு ஸ்குரூ திருகினால் போதும் என்று முதல் வாரமே மேஸ்திரியிடம் சொன்னார். மேஸ்திரி முப்பது வயது தாண்டாத ஒரு பெண், அவரை ஏறிட்டுப் பார்த்தாள். பெல்ட் சரியாகத்தான் ஓடுகிறது, நீங்கள் பெட்டியை அடுக்குங்கள் என்றாள். எர்மெஸ் அடுக்கினார்.