விரதத்தோடு வந்தவர்

ரத்த வங்கியில் டெக்னீஷியனாகச் சேர்ந்ததிலிருந்து ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். ரத்தம் கொடுக்க வருகிறவர்களிடம் ஏன் வந்தீர்கள் என்று கேட்டு அதில் எழுதுவேன். பிறந்தநாள். அப்பா நினைவுநாள். கம்பெனியில் லீவு கிடைக்கும். தன் குரூப் எதுவென்று தெரிந்துகொள்ள. மச்சான் இழுத்துவந்தான். காரணம் தெரிந்தால், அவசரத்துக்கு யாரைக் கூப்பிடலாம் என்று தெரிந்துவிடும் என்பது என் எண்ணம்.

அந்தப் பௌர்ணமியன்று ஓ நெகட்டிவ் ஒரு பைகூட இல்லை. பிரசவ வார்டில் ஒரு பெண்ணுக்கு மாலையில் ஆபரேஷன். எடுத்த ரத்தத்தைப் பரிசோதித்து முடிக்கவே சில மணி நேரமாகும். பட்டியலில் இருந்த ஐந்து பேரில் நான்கு பேர் ஊரில் இல்லை. ஐந்தாமவர் அடி அண்ணாமலையில் பயிர் வைப்பவர். அரை மணியில் வந்து, சட்டைக் கையை மடித்துக்கொண்டே உட்கார்ந்தார்.

“காலையில என்ன சாப்ட்டீங்கண்ணா?”

“ஒண்ணும் இல்லம்மா, விரதம். போர்ல தண்ணி வந்தா பௌர்ணமிக்கு விரதம் இருந்து ரத்தம் தர்றேன், மலையும் சுத்தறேன்னு வேண்டிக்கிட்டேன். தண்ணி வந்துடுச்சு. நீயும் கரெக்டா இன்னிக்கே கூப்ட்டுட்ட.”

வெறும் வயிற்றில் எடுத்தால் மயக்கம் வரும், கொடுத்துவிட்டு அவ்வளவு தூரம் நடக்கவும் கூடாது என்றேன்.

“சாப்ட்டுட்டுக் குடுத்தா அது வேண்டுதலாம்மா?”

மணி பதினொன்றைத் தாண்டியது. ஓ நெகட்டிவ் தட்டு காலியாக இருந்த பிரிட்ஜை எதற்கோ இரண்டு முறை திறந்து பார்த்தேன். படிவத்தில் ‘கடைசியாகச் சாப்பிட்ட நேரம்’ என்று ஒரு கட்டம் உண்டு. எட்டு மணி என்று நானே எழுதிவிடலாம். பேனாவை எடுத்தேன், வைத்தேன், மறுபடி எடுத்தேன்.

அதற்குள் அவர் மனைவிக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் விஷயத்தைச் சொன்னார்.

“இதுக்கு இன்னாங்க இவ்ளோ யோசன? நீங்க சாப்டுங்க. விரதத்த நான் இருக்கறேன். மலையும் நானே சுத்திட்டு வர்றேன்.”

“நீ காலையிலயே காபி குடிச்சியே.”

“சக்கர கம்மியாதான் போட்டேன். சாமியே சும்மாதான் இருக்குது, உங்களுக்குதான் சட்டம் ஜாஸ்தி.”

அவர் சிரித்துவிட்டார். கேன்டீனிலிருந்து நான்கு இட்லி வரவழைத்தேன். அவர் சாப்பிட்ட பிறகும் கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டும். அவர் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார், எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை.

ரத்தம் எடுத்து, பரிசோதனையும் முடிந்து, நாலரைக்குப் பை மேலே பிரசவ வார்டுக்குப் போனது. நோட்டில் ‘போர்வெல்’ என்று எழுதினேன். விரதத்தை வாங்கிக்கொண்ட அவர் மனைவிக்கு என்ன எழுதுவது? அவர் எங்கள் படிவம் எதிலும் இல்லை.

ஏழு மணிக்கு ஒரு புது எண்ணிலிருந்து அழைப்பு. பின்னால் ஆட்டோ ஹாரன், கூட்டத்தின் இரைச்சல்.

“மலை சுத்தி முடிச்சிட்டேம்மா. அந்தப் பொண்ணு எப்டி இருக்குது? தெரிஞ்சாதான் எனக்கு சோறு எறங்கும்.”

நோயாளியைப் பற்றி வெளியே எதுவும் சொல்லக் கூடாது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

“சாப்டுங்கக்கா,” என்றேன்.