பதறாத அண்ணன்

என் அண்ணனுக்குத் தொழிலே மற்றவர்களின் பயத்தைப் போக்குவதுதான். தி.நகரில் ஒரு மாடியை வாடகைக்குப் பிடித்துச் சனிக்கிழமைதோறும் வகுப்பு எடுக்கிறார். ஆபத்து வந்தால் மூச்சை இழு, நாலு எண்ணு, உள்ளங்கையை விரித்துப் பதற்றத்தைப் பார்த்து 'நில்' என்று சொல். இதைக் கேட்கப் படித்தவர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள், தலையெழுத்து. வீட்டில் பல்லி விழுந்தால் கட்டில்மேல் ஏறிக்கொண்டு அண்ணியைக் கூப்பிடுகிற மனுஷன் அவர். உபதேசமெல்லாம் ஊருக்குத்தான்.

மேற்கு மாம்பலத்தில் ஒரே வீட்டில் கீழே அவர் குடும்பம், மாடியில் நான். போன மழையில் எங்கள் தெருவில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. இரண்டாம் நாள் காலை அண்ணன் பால் வாங்கக் கிளம்பினார். தனியாகப் போய்த் தொலைய வேண்டியதுதானே? எட்டு வயது மகளையும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். தண்ணீரைக் கண்டு அவள் பயப்படுகிறாளாம், இவர் தெளிய வைக்கிறாராம்.

நான் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்களுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு தெருநாய் தண்ணீரில் தத்தளித்துப் போய்க்கொண்டிருந்தது. முனையிலிருக்கும் கரண்ட் பெட்டியை நெருங்கியதும் ஒரே ஒரு தடவை ஊளையிட்டது. அப்படியே விறைத்துச் சாய்ந்தது. தண்ணீரில் கரண்ட் இறங்கியிருக்கிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது. நாய் வழுக்கி விழுந்துவிட்டது என்று நினைத்தாராம் அண்ணன், பிறகு சொன்னார். எப்பேர்ப்பட்ட மூளை!

"அண்ணா, போகாதீங்க, தண்ணியில கரண்ட்!" என்று கத்தினேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குழந்தையைப் பிடிக்காத கையைத் தூக்கி, உள்ளங்கையை விரித்துக் காட்டினார். என்னைப் பதறாதே என்கிறார். இன்னும் ஏழெட்டு அடி வைத்தால் பெட்டி. குழந்தையின் கவுன் தண்ணீரில் மிதந்துகொண்டே போனது.

என்னைவிடப் பத்து வயது பெரியவர். அதுவரை ஒரு நாளும் மரியாதை குறைத்துப் பேசியதில்லை. அன்றைக்கு அடிவயிற்றிலிருந்து வந்தது.

"டேய் முட்டாள்! நில்லுடா!"

நின்றார். உயிருக்குப் பயந்து இல்லை, தெருவே கேட்டுவிட்டதே என்று. எதிர்ப்பக்கத்துத் திண்டில் ஏறி நின்றிருந்த இஸ்திரிக்காரர் சிரித்தும்விட்டார். யாரைப் பார்த்துச் சொன்னாய் என்று கேட்பதற்காக மகளோடு அப்படியே திரும்பி என்னை நோக்கி வந்தார். மானம் போச்சு, உயிர் வந்தது. மதியம் லைன்மேன் வந்து மின்சாரத்தை நிறுத்தியபோது பெட்டிக்குக் கீழே கேபிள் தோல் உரிந்து கிடந்தது.

நன்றி சொன்னாரா? நாலு மாசம் என்னோடு பேசவில்லை. வகுப்பில் மட்டும், மின்சாரம் பாய்ந்த தண்ணீரிலிருந்து தான் எவ்வளவு நிதானமாகத் திரும்பி வந்தேன் என்று சொல்லியிருக்கிறார். கைதட்டினார்களாம். த்தூ.

பெரியவர்தானே, ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போயேன் என்று அண்ணிதான் நச்சரித்தார். அண்ணி முகத்துக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை கீழே போய்க் கேட்டேன். சோபாவில் சாய்ந்து, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டார்.

"பரவாயில்ல. பயத்துல மனுஷங்க என்ன வேணா பேசுவாங்க," என்றார். வகுப்பில் எனக்குக் கடைசி வரிசையில் ஒரு இடம் தருகிறாராம், காசு வேண்டாமாம். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

தரையில் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்த குழந்தை தலையைத் தூக்காமலே சொன்னாள்.

"நானும் பயந்தேன்பா. நாய் செத்துப் போனத நான் பாத்தேன். உன் கையிலேர்ந்து என் கைய இழுத்து இழுத்துப் பாத்தேன். நீ விடவே இல்ல."

சமையலறையிலிருந்து அண்ணி வந்து நின்றார். அண்ணி குழந்தையை வாரித் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மகள் துளியும் அடம்பிடிக்காமல் தைரியமாகத் தன்னோடு நடந்து வந்தாள் என்றுதான் நாலு மாசமாக அண்ணியிடம் அண்ணன் சொல்லி வைத்திருந்தார்.