கடல் வாய் திறக்காத மாதம்

விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் லாரிகளுக்குப் பின்னால் பேருந்து நின்றுகொண்டிருந்தபோது பிரம்மதேசத்து விவசாயி ஏழுமலை போன் செய்தார். "மேடம், நம்ம பாய் பூட்டாரு. காலைல நெஞ்சு வலிக்குதுன்னு சொல்லிக்கினு இருந்தாராம். ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சிச்சாம்." என் மடியில் அந்த மாதத்துக் கடல் நிலவரத் தாள்கள் இருந்தன. திண்டிவனத்தில் இறங்கியதும் பாயிடம் காட்டுவதாக இருந்தேன். மடித்துப் பைக்குள் வைத்தேன். வேறென்ன செய்ய?

கஃபூர் பாயைத் தெரிந்த உங்களுக்கு அவர் வேலையும் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். உலகத்துக் கடல்கள் எங்கே சூடாகின்றன, எங்கே ஆறுகின்றன என்று ஆராய்ச்சி மையங்கள் மாதாமாதம் பார்த்துச் சொல்லும். பசிபிக் கடலின் நடுப்பகுதி வழக்கத்தைவிடச் சூடேறினால் எல் நினோ, குளிர்ந்தால் லா நினா. இரண்டுமே நம் மழையை ஆட்டிப் பார்க்கும். எங்கள் வேளாண் ஆலோசனை மையத்தில் பாயும் நானும் பக்கத்துப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து அதைத் தமிழில் எழுதிச் சுற்றுவட்டார விவசாயிகளுக்கு அனுப்புவோம். அச்சடித்தது ஒன்று, வாட்ஸ்அப்பில் பாயின் குரலில் ஒன்று.

சலிப்பான வேலைதான். வரைபடத்தில் கடல் சிவந்துகொண்டே போகும். நாங்கள் அதைப் பார்த்துக்கொண்டே இருப்போம். "நமக்கே காய்ச்சல் வரும் போல இருக்கு பாய்" என்பேன். கோட்டக்குப்பத்தில் கடலைப் பார்த்து வளர்ந்தவர், அசர மாட்டார். "பேஜாரு புடிச்ச வேலதான் மேடம். ஆனா கடலு லீவு போடுதா? நாம மட்டும் எப்டிப் போடறது?" என்று சொல்லி டீக்கு ஆள் அனுப்புவார். லீவு போடாமல் இருந்து என்ன கண்டார் என்று இப்போது கோபமாக வருகிறது.

ஒரு வருடம் ஆடிப்பட்டத்துக்கு முன்னால் பசிபிக் எந்தப் பக்கமும் சாயாமல் இருந்தது. 'கடல் நடுநிலை' என்று எழுதி அனுப்பினோம். கடலை வைத்து இப்போது மழையைச் சொல்ல முடியாது என்பது எங்கள் பொருள். ஏழுமலை எடுத்துக்கொண்டதோ, மழை அதிகமும் இல்லாமல் குறைச்சலும் இல்லாமல் நடுத்தரமாகப் பெய்யும் என்று. விதைக்கு வைத்திருந்த மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, முழுவதையும் மானாவாரி நிலத்தில் போட்டுவிட்டார். பூ வைக்கும் நேரத்தில் மழை நின்றது. காய்ந்த செடிகளைப் பிடுங்கிக்கொண்டு நேராக அலுவலகத்துக்கு வந்து பாயின் மேசையில் போட்டார். "நடுவால பெய்யும்னு நீதானய்யா சொன்ன!"

அப்படி எங்கே சொன்னோம் என்று நான் எழுந்தேன். பாய் என்னைக் கையமர்த்தினார். "வார்த்த நம்மளது மேடம். மழ ஒண்ணும் ஏமாத்தல" என்றார். ஏழுமலையை உட்காரவைத்து, அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று பொறுமையாக விளக்கினார். பிறகு, "உங்க வூட்டம்மா கோவமா கீறாங்களா, நல்லா கீறாங்களான்னே தெரிலன்னு வச்சிக்கோங்க. அத எப்டி சொல்லுவீங்க?" என்று கேட்டார். ஏழுமலை கொஞ்சம் யோசித்தார். "வாயே தெறக்கலன்னுவேன்" என்றவர், அந்தக் கோபத்திலும் சிரித்துவிட்டார்.

அதன் பிறகு பாயின் குரல் பதிவில் நடுநிலை என்ற சொல் வரவில்லை. "கடலு இந்த மாசம் வாய் தெறக்கலங்க. தெரியாதத தெரியும்னு சொல்ல மாட்டேன். வெதைய மொத்தமா எறக்காதீங்க" என்பார். மேலதிகாரிக்கு இது பிடிக்கவில்லை. "இது என்ன ஜோசியமா? இயல்பான மழைன்னு போட்டுட்டுப் போங்களேன்" என்று திட்டுவார். பாய் எதிர்த்துப் பேசமாட்டார், மாற்றவும் மாட்டார். திட்டு வாங்கி வந்து நாற்காலியில் சாய்ந்து, "தெரியாதுன்னு சொல்றதுக்குத்தான் மேடம் ஒடம்புல தெம்பு வேணும்" என்பார். ரொம்பவும் களைத்துத்தான் போயிருந்தார்.

திண்டிவனத்தில் அவரை அடக்கம் செய்துவிட்டு ஆண்கள் திரும்பி வந்தார்கள். ஏழுமலையும் வந்தார். பாய் வீட்டு வாசல் பந்தலில் தயங்கி நின்று, "கேக்கக் கூடாதுதான் மேடம். மல்லாட்டைய ஒடச்சி வச்சிக்கினு குந்திக்கினு கீறேன். இந்த மாசம் கடலு என்னா சொல்லுது?" என்றார்.

சாவு வீட்டில் கேட்கிற கேள்வியா என்று சுருக்கென்றது. ஆனால் உடைத்த விதை எத்தனை நாள் தாங்கும்? பையிலிருந்த தாள்களில் மறுபடியும் அதே நடுநிலைதான். இயல்பான மழை என்று போட்டுவிடச் சொல்லி மேலதிகாரி காலையிலேயே போனில் சொல்லியிருந்தார்.

"வாய் தெறக்கலங்க" என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

பாயை எடுத்துப்போன தெருவையே ஏழுமலை பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப பாதிய போட்டுட்டு பாதிய வச்சிக்கறேன் மேடம். பாய் இருந்தா அதத்தான் சொல்லுவாரு."

பாயிடமிருந்து எனக்கு மிஞ்சியது, கடல் வாய் திறக்கவில்லை என்கிற அந்த ஒரு வாக்கியம். மறுநாள் அதை என் குரலில் பேசி எல்லாருக்கும் அனுப்பினேன். திட்டு வரும். இனி அதையும் நான்தான் வாங்க வேண்டும்.