பாகலூரில் ஓட்டு, கிருஷ்ணகிரியில் பாஸ்போர்ட்

ஷார்ஜாவுக்குப் போய் ஒன்பது வருடம் ஆகிறது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் எங்கள் ரூமில் தமிழ்நாட்டு அரசியல்தான். நான் கொஞ்சம் அதிகமாகவே கத்துவேன். மத்தூர்க்காரர் ஒருவர், "ஓட்டே போடாத ஆளுக்கு இவ்ளோ சத்தமா?" என்று கேட்டுவிட்டார். சுருக்கென்றது. அந்த வீம்பில்தான் சொந்த ஊரான பாகலூரில் வெளிநாட்டு வாக்காளராகப் பதிந்து, சட்டமன்றத் தேர்தலுக்கு நாலு நாள் லீவு போட்டு வந்தேன். தெரியாதவர்களுக்கு ஒரு தகவல்: அங்கிருந்தபடியே ஓட்டுப் போட நமக்கு வழியில்லை, நேரில் வந்துதான் ஆகவேண்டும்.

முந்தின நாள் பெங்களூரில் இறங்கி நேராகக் கிருஷ்ணகிரி போனேன். என் மனைவி ஆயிஷா அங்கே தாய்வீட்டில் இருக்கிறாள், அவள் ஓட்டும் அங்கேதான். மறுநாள் அவள் காலையிலேயே போட்டுவிட்டு வந்தாள். நான் மதியம் பஸ் பிடித்து ஓசூர் வரை ஐம்பது கிலோமீட்டரும் நின்றுகொண்டே வந்தேன். அங்கிருந்து பாகலூருக்கு ஷேர் ஆட்டோ, முப்பது ரூபாய். டிரைவர் போனில் கன்னடம், பக்கத்து சீட்டில் தெலுங்கு, என்னிடம் தமிழ்.

"ஓட்டுக்காகவா சார் அவ்ளோ தூரத்துலேர்ந்து வந்தீங்க? நான் இந்த ஊர்லயே இருக்கேன், இன்னும் போடல" என்றார். நல்லா இருங்க என்று இறங்கினேன்.

ஓட்டுச்சாவடி வைத்திருந்த பள்ளிக்கூடத்தில், பட்டியலில் என் பெயர் இருந்தது. அதிகாரியம்மா பாஸ்போர்ட் கேட்டார். பர்ஸிலிருந்து ஜெராக்ஸை எடுத்துக் கொடுத்தேன். சிரிக்காதீர்கள். எங்கள் பாஸ்போர்ட் எப்போதும் கம்பெனி லாக்கரில்தான் கிடக்கும், போலீஸ் கேட்டால் காட்ட நம்மிடம் ஜெராக்ஸ்தான். ஒன்பது வருடப் பழக்கம். ஒரிஜினல், மாமியார் வீட்டு பீரோவில் பத்திரமாக இருந்தது.

"ஒரிஜினல் இல்லாம விட முடியாதுங்க சார். வெளிநாட்டு வாக்காளருக்கு ஆதார்கூட செல்லாதுங்க" என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஆயிஷாவுக்குப் போன் போட்டேன். "என்னங்க நீங்க..." என்று ஒரு பெருமூச்சு விட்டாள். "சரி, கெளம்புறேன்."

வழியில் சூளகிரி பக்கம் லாரிகள் நெருக்கிக்கொண்டு நிற்பதாக நடுவில் அவளிடமிருந்து ஒரு போன். ஆறு மணிக்கு கேட்டைச் சாத்தினார்கள். நல்லவேளை, அதற்குள் வரிசையில் நின்றவர்களுக்கு டோக்கன் கொடுத்து ஓட்டுப் போட விடுவார்கள். நான் கடைசி ஆள். எனக்கு முன்னால் இருந்தவர் போட்டுவிட்டு வெளியே போனார். கட்சி ஏஜென்டுகள் கொட்டாவி விட்டார்கள். "சார், இதுக்கு மேல மெஷினை மூடியாகணும்" என்றார் அதிகாரியம்மா.

அப்போதுதான் கேட்டில் ஆயிஷாவின் குரல். போலீஸ்காரர் அவளை உள்ளே விடவில்லை, பாஸ்போர்ட்டை மட்டும் கம்பிவழியாக வாங்கிக் கொடுத்தார். பட்டனை அழுத்தினேன். அந்த ஒரு 'பீப்' சத்தத்துக்கு எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன்.

வெளியே அவள் படியில் உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். பஸ்ஸில் உட்கார இடமே கிடைக்கவில்லையாம். மை வைத்த விரலைக் காட்டினேன். பார்த்தாள்.

"பெருநாளுக்கு வாங்கன்னு எத்தன தடவ கேட்டிருப்பேன். கம்பெனில லீவே தரமாட்டாங்கன்னு சொன்னீங்க. ஓட்டுக்கு மட்டும் குடுத்துட்டாங்களா?"

நான் கையைக் காட்டி ஓசூர் ஷேர் ஆட்டோவை நிறுத்தினேன்.

இனி வரப்போகிறவர்களுக்கு: ஒரிஜினல் பாஸ்போர்ட் கையிலேயே இருக்கட்டும், மதியத்துக்குள் போய்விடுங்கள். ரூமில் இப்போது யாரும் என்னைக் கேள்வி கேட்பதில்லை. ஆனால் எனக்கு லீவு கேட்கத் தெரியும் என்பது ஆயிஷாவுக்குத் தெரிந்துவிட்டது.