அண்ணாவின் கடைசிப் பாய்ச்சல்

ஒஸ்லோவை அடுத்த லோறென்ஸ்கூக்கில் எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும், தேநீர் வருவதற்கு முன்பே அப்பா தொலைக்காட்சியில் அந்தக் காட்சியைப் போட்டுவிடுவார். மெல்பேர்ணில் ஒரு பெரிய மைதானம். மேலிருந்து முட்டை வடிவப் பந்து ஒன்று இறங்கி வருகிறது. அதற்காகக் காத்து நிற்கும் எதிரணிக்காரனின் தோளில் முழங்காலை ஊன்றி எழும்பி, எல்லோருடைய தலைக்கும் மேலே அதைப் பிடிக்கிறார் அண்ணா. அவர் பெரியப்பாவின் மகன். அப்பா அகதியாக நோர்வேக்கு வந்தபோது பெரியப்பா அவுஸ்திரேலியாவுக்குப் போனவர். வந்தவர்கள் இது றக்பியா என்று கேட்பார்கள். அது அவுஸ்திரேலியர்களின் தனிக் காற்பந்தாட்டம்; ஆள்மேல் ஏறிப் பந்தைப் பிடிப்பது அதில் குற்றமில்லை. அப்பாவுக்கும் அந்த ஆட்டத்தின் விதிகள் தெரியாது. "எங்கடை பெடியன் சம்பளத்துக்கு விளையாடுறான்" என்பார். அதற்கு மேல் யாரும் ஒன்றும் கேட்பதில்லை.

பள்ளிக்கூடம் முடித்த கையோடு ஒரு பெரிய கழகம் அண்ணாவைத் தெரிவு செய்தது. சில வருடங்கள் இரண்டாம் அணியில் வைத்துப் பார்த்துவிட்டு முதல் அணிக்கு எடுத்தார்கள். அங்கே சனிக்கிழமை பின்னேரம் என்றால் இங்கே விடியற்காலை. நான் போர்வையைச் சுற்றிக்கொண்டு அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன். அந்த ஆட்டத்தில் தலைக்கவசம் கிடையாது. அண்ணா பெயரெடுத்ததே பாய்ச்சலால்தான் என்பதால், உயரத்திலிருந்து அதிகம் விழுந்தவரும் அவர்தான். விழுவார், கைத்தாங்கலாகக் கொண்டுபோவார்கள், சில வாரங்களில் திரும்பி வந்து மறுபடி பாய்வார். நாங்களும் மறுபடி கைதட்டுவோம். அடிபட அடிபட இறுகிவிடுவான் என்று பெரியப்பா தொலைபேசியில் பெருமையாகச் சொல்வார்.

அவர் இறுகவில்லை. முப்பது வயதாவதற்கு முன்பே மருத்துவர்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள். மூளை கலங்கிப் போயிருக்கிறது, இன்னொரு அடி தாங்காது என்று சொல்லிவிட்டார்கள். கழகம் அவருடைய சட்டையைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டுக் கொடுத்து, கைகுலுக்கி அனுப்பிவைத்தது. வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது, கடைக்குள் போனால் எதற்கு வந்தேன் என்பது மறந்துபோகிறது என்று அண்ணாவே என்னிடம் சொன்னார். பெரியப்பாவோ, மகன் வியாபாரம் படிக்க விளையாட்டை விட்டுவிட்டான் என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். ஏன் இந்தப் பொய் என்று கேட்டேன். "தலையிலை அடியெண்டு தெரிஞ்சால் ஆர் பொம்பிளை தருவினம்?" என்றார். எங்கள் ஆட்கள் சம்பந்தம் பேசும்போது நோயை மறைப்பதைப் பொய்யில் சேர்ப்பதில்லை. ஒருவர் நீரிழிவை மறைப்பார், இன்னொருவர் முறிந்துபோன நிச்சயதார்த்தத்தை. மாப்பிள்ளையின் மூளையை மறைத்தவரை நான் அப்போதுதான் கண்டேன்.

பேசிவந்த பெண் ஒஸ்லோவின் ஹொல்ம்லியாவில் இருந்தாள். மருத்துவமனையில் தாதி. சாதகக் குறிப்புப் பொருந்திவிட்டது. இரண்டு பேரும் இயல்பாகப் பார்த்துக்கொள்ளட்டும் என்று, ஒஸ்லோவில் கோடையில் நடக்கும் தமிழர் விளையாட்டு விழாவுக்கு அண்ணாவைப் பிரதம விருந்தினராக அழைக்க அப்பா ஏற்பாடு செய்தார். பெரியப்பாவும் கூடவே வந்திருந்தார். பெண் வீட்டார் கூடாரத்தின் முன்வரிசையில் இருந்தார்கள். பதக்கம் கொடுக்கும் நேரம் வந்ததும் ஒலிவாங்கி பிடித்தவர், அந்தப் புகழ்பெற்ற பாய்ச்சலை ஒருமுறை காட்டும்படி கேட்டார். முழங்கால் சரியில்லை என்று அண்ணா, பெரியப்பா சொல்லிக் கொடுத்தபடியே சொன்னார். "அங்கை பறந்தவர் இஞ்சை நிலத்தை விட்டு எழும்பமாட்டாராம்" என்று அந்த மனிதர் பகிடி விட்டார். கூட்டம் சிரித்தது. பெண்ணின் தகப்பனும் சிரித்தார்.

அந்தச் சிரிப்பைத்தான் பெரியப்பாவால் தாங்க முடியவில்லை. "ஒருக்காப் பாயன் தம்பி. ஆக்கள் பாக்கினம்" என்றார்.

அண்ணா தகப்பனை நிமிர்ந்து பார்த்தார். மருத்துவர் சொன்னபோது பக்கத்தில் இருந்த மனிதர் இவர்தானா என்று சரிபார்ப்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை. பிறகு சப்பாத்தைக் கழற்றிவிட்டு மைதானத்துக்குள் இறங்கினார்.

ஒரு பெடியனை நடுவில் நிறுத்தி, யாரோ பந்தை உயர எறிந்தார்கள். அண்ணா அழகாகத்தான் பாய்ந்தார். கீழே நின்ற பெடியன் பயத்தில் குனிந்துவிட்டதால், பந்தைப் பிடித்தபடியே மல்லாக்க விழுந்தார். பின்தலை புல்லில் மோதியது. சனம் கைதட்டி ஓயும்வரை படுத்திருந்துவிட்டு, எழும்பி வந்து பதக்கம் கொடுக்க நின்றார். ஒரே சிறுமியின் கழுத்தில் இரண்டு பதக்கம் போட்டார். மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு, பதக்கத் தட்டைப் பிடித்து நின்ற என் பக்கம் குனிந்து, அம்மா ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்டார். பெரியம்மா செத்து வருடங்கள் ஆகியிருந்தன.

நான் அம்புலன்சைக் கூப்பிடத் தொலைபேசியை எடுத்தேன். பெரியப்பா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, மகனுக்கு வெயில் ஒத்துவரவில்லை என்று முன்வரிசைக்குக் கேட்கச் சொன்னார். மெல்பேர்ண் வெயிலில் வளர்ந்தவருக்கு ஒஸ்லோ வெயில் ஒத்துவரவில்லையாம். அவரை எனக்கு அந்த நேரம் அடிக்க வேண்டும்போல் இருந்தது.

அந்தப் பெண் எழும்பி வந்தாள். அண்ணாவைக் கதிரையில் இருத்தி, கண்ணைப் பார்த்தாள். முன்னும் இப்படி அடிபட்டதா என்று கேட்டாள். பெரியப்பா, இதுதான் முதல் தரம் என்றார். அண்ணா அவளைப் பார்த்துச் சிரித்தார். "எத்தினை தரமெண்டு டொக்டருக்குத்தான் தெரியும்" என்றார். அவள் வேறொன்றும் கேட்காமல் அம்புலன்சை அழைத்தாள். அது வருவதற்குள் அவளுடைய வீட்டார் காருக்குப் போய்விட்டார்கள். அவள் மட்டும் அவருடைய தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.

இப்போது அண்ணா மெல்பேர்ணில், பகலிலும் திரைச்சீலை மூடிய அறையில் இருக்கிறார். சொந்தக்காரர் ஒருவரின் கடையில் அரைநாள் பொருள் அடுக்குகிறார். பக்கத்தில் ஆள் நின்று எது எங்கே என்று சொல்ல வேண்டும். நான் அழைத்தால் சிலநேரம் என்னைத் தெரிகிறது. அந்தத் தாதி கூட்டத்தில் வைத்து மானத்தை வாங்கிவிட்டாள் என்று பெரியப்பா இன்றைக்கும் சொல்லித் திரிகிறார்.

போன கிழமை அவரே என்னை அழைத்தார். அண்ணாவுக்கு இப்போது நல்ல சுகமாம், நோர்வேயில் வேறு நல்ல இடம் இருந்தால் நான் விசாரிக்க வேண்டுமாம். என் பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. நான் சம்மதித்துவிட்டதாக எடுத்துக்கொண்டு அவர் குரலைத் தாழ்த்தினார்.

"ஆஸ்பத்திரியிலை வேலை செய்யிற பிள்ளையள் மட்டும் வேண்டாம்."