சீயக்காய் தேய்த்த கார்

என் முதலாளி தன் காருக்குச் சனிக்கிழமைதோறும் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினார். கதை விடவில்லை. உத்திரமேரூரில் நெல் மண்டி வைத்திருந்தவர். வெள்ளை அம்பாசடர் ஒன்று வாங்கி என்னை டிரைவராகப் போட்ட முதல் வாரமே ஒரு கிண்ணம் நல்லெண்ணெயோடு வந்தார். பானெட்டின் நடுவில் ஊற்றி, பரபரவென்று தேய்க்கச் சொன்னார். அரை மணி ஊறவிட்டு அப்புறம் சீயக்காய்.

"மனுசனுக்கு ஒடம்பு சூடு எறங்கத்தானே எண்ணெ வெக்கிறோம்? இது நாள் பூரா வெயில்ல நின்னுக்கினு கீது. இதுக்கு மட்டும் சூடு இருக்காதா?" என்று கேட்டார். நான் சீயக்காயைக் கரைக்கப் போனேன். சம்பளம் கொடுக்கிறவர் கேட்கிற கேள்விகளுக்கெல்லாம் அதுதான் பதில்.

சீயக்காயை எவ்வளவு சலித்தாலும் ஒரு நறநறப்பு இருக்கும். தலைமுடி தாங்கும், பெயிண்ட் தாங்காது. மூன்று மாதத்தில் அந்த வெள்ளைக் கார் முழுவதும் வட்டவட்டமாய்க் கீறல் விழுந்துவிட்டது. போதாக்குறைக்கு, எண்ணெய்ப் பசை போகாத இடத்திலெல்லாம் மண்டியில் பறக்கிற சொங்கு, அந்த நெல் உமித் தூசி, வந்து ஒட்டிக்கொண்டது. அறுப்புக் காலத்தில் எங்கள் பக்கத்தில் கதிரைத் தார் ரோட்டிலேயே பரப்பிவிடுவார்கள், போகிற வருகிற வண்டி மிதித்துக் கொடுக்கட்டும் என்று. அதன் மேல் ஏறி இறங்கி நாங்கள் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தால், ஒரு வைக்கோல் போர் ஆரன் அடித்துக்கொண்டு வருகிறது என்று டீக்கடையில் சிரித்தார்கள். முதலாளி அதைப் புகழ்ச்சி என்று எடுத்துக்கொண்டார்.

எனக்கு மானம் போயிற்று. நான் தறிக்கார வீட்டுப் பிள்ளை. தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்தால் மூச்சு முட்டுகிறது என்று ஓடிவந்து ஸ்டியரிங் பிடித்தவன். அப்பா இல்லை. அம்மா வீட்டில் உட்கார்ந்து தறிக்காரர்களுக்குப் பட்டு நூல் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஓர் இழை மங்கினாலும் கண்டுபிடிக்கிற கண் அவளுக்கு. அந்தக் கண்ணில் பாதி எனக்கும் வந்திருந்தது. என்ன, அவளுக்குப் புடவை தெரிந்த மாதிரி எனக்கு வண்டி தெரிந்தது.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மோட்டார் சாமான் கடை வைத்திருந்த பாய்க்கும் எனக்கும் ஒரே வயசு. முதன்முதலில் பாலீஷ் டப்பா கேட்டுப் போனபோது அவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

"இன்னா நைனா, இந்த வாரம் காருக்குத் தல முயுக்கு இல்லியா?"

"பேஜார் பண்ணாத பாய். கீறல் போவணும். இன்னா கீது ஒங்கிட்ட?"

மூன்று டப்பாவை எடுத்து வைத்தார். மூன்றிலும் இங்கிலீஷில் என்னவோ எழுதியிருந்தது. அவருக்கும் புரியாது, எனக்கும் புரியாது. ஆனாலும் இருவரும் மாறி மாறி மூடியைத் திறந்து, முகர்ந்து பார்த்து, வைத்தியர்கள் மாதிரி தலையை ஆட்டிக்கொண்டோம். பிறகு அவருடைய ஸ்கூட்டரின் பின்பக்கத்தில் ஒவ்வொன்றாகத் தேய்த்துப் பார்த்தோம். பழுப்பாக, களிம்பு மாதிரி இருந்தது ரப்பிங் காம்பவுண்டு. அது கீறலை எடுக்கும். அடித்துத் தேய்த்தால் பெயிண்டையும் எடுத்துவிடும். ஸ்கூட்டரில் ரூபாய் நாணயம் அகலத்துக்குத் தகரம் எட்டிப் பார்த்த பிறகுதான் அது எங்களுக்குத் தெரிந்தது. பாய் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அதற்கப்புறம் அந்த இடத்தில் ஒரு நட்சத்திர ஸ்டிக்கரை ஒட்டிக்கொண்டு, பழையபடி பேச ஆரம்பித்தார்.

இப்படிக் கெடுத்துக் கெடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். பால் மாதிரி இருக்கிற பாலீஷ் அழுக்கை எடுக்கும், ஆனால் நிற்காது. டப்பாவில் கட்டியாய் இருக்கிற மெழுகுதான் நிற்கும். அதை வெயிலில் வைத்துப் பூசினால் கார் முழுக்கத் திட்டுத் திட்டாகக் காய்ந்து, தேமல் வந்த மாதிரி ஆகிவிடும். நிழலில் நிறுத்தி, பானெட்டைத் தொட்டுப் பார்த்து, சூடு இல்லையென்றால்தான் பூச வேண்டும். பூசுவதற்குப் பழைய பனியன் துணி. துடைப்பதற்கு நூறு தடவை துவைத்த வேட்டி. கடைசியாக மினுக்குவதற்கு ஊரில் வேறு யாரிடமும் இல்லாத ஒரு சாமான் எங்கள் வீட்டில் இருந்தது, அம்மா கழித்துப் போடுகிற பட்டு நூல் கழிவு. அதைப் பந்தாகச் சுருட்டித் துணியில் கட்டி மெழுகின் மேல் ஓட்டினால் முகம் பார்த்துத் தலை வாரலாம்.

"பட்ட எட்துக்கினு போய் காருக்குத் தேய்க்கிறான். ஒருநாள் அதுக்கு முகூர்த்தப் பொடவ கேப்பான்" என்று அம்மா அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பேர் பரவிவிட்டது. டாக்டரின் கறுப்புக் கார் வந்தது. கறுப்பு வண்டி கோள் சொல்லும் வண்டி, கை பட்டாலும் காட்டிக் கொடுத்துவிடும். அதற்குக் காம்பவுண்டையே காட்டக்கூடாது, வட்டமாகத் தேய்க்கவும் கூடாது, நேர்கோட்டில்தான் துணி போகவேண்டும். பெரிய பண்ணைக்காரர் ஒருவர் பொங்கலுக்குத் தன் சிவப்பு டிராக்டரை மினுக்கச் சொன்னார். மெழுகு போட்டுக் கொடுத்தேன். பளபளப்பு போதவில்லை என்று அவரே இரண்டு படி விளக்கெண்ணெயைப் பூசிக்கொண்டு வயலுக்குப் போனார். திரும்பி வந்தபோது டிராக்டர் மண் நிறத்தில் இருந்தது. ஓர் அரசாங்க ஆபீஸ் ஜீப்பும் வந்தது. அதை ஒருமுறை சுற்றி வந்து பார்த்துவிட்டு, "சார், இத்த தொடாம வுடறதுதான் நல்லது, மண்ணு புடிச்சிக்கினு இருக்கறதாலதான் கதவு நிக்குது" என்றேன். அவர்களும் அதையே ஃபைலில் எழுதிக்கொண்டு போனார்கள் என்று நினைக்கிறேன்.

சொன்னால் நம்புங்கள், எனக்குத் தலைக்கனம் ஏறியிருந்தது. எந்தத் தெருவில் எந்த வண்டி நின்றாலும் விரலால் தடவிப் பார்த்து உதட்டைப் பிதுக்குவேன்.

ஆனால் வீட்டில் என் நிலைமை வேறு. முப்பத்தொரு வயசு. ஐந்து இடம் பார்த்து ஐந்தும் தட்டிப்போயிற்று. தறியை விட்டவன், டிரைவர் வேலை, நாலு ஊர் சுற்றுகிறவன் என்று ஒவ்வொரு இடத்திலும் ஒரு காரணம். அம்மாவுக்கு ஒரு கண்ணில் புரை விழ ஆரம்பித்திருந்தது. "இன்னொரு கண்ணு தெரியறப்பவே ஒருத்தி இந்த வூட்டுக்கு வந்துடணும்டா" என்பாள். எனக்கும் ஆசைதான், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். சவாரி முடிந்து வந்தால் யாராவது ஒருத்தி, ஏன் இவ்வளவு நேரம் என்று சண்டை பிடிக்க மாட்டாளா என்று ஏங்கியிருக்கிறேன்.

அப்போதுதான் தரகர் மானாம்பதி இடத்தைக் கொண்டுவந்தார். எங்கள் ஜனம்தான், கொஞ்சம் நிலம், வீட்டில் இரண்டு தறி. பெண் பத்தாவது வரை படித்தவள். டிரைவர் என்றாலும் பரவாயில்லை என்று அவளே சொன்னாளாம். அம்மா அன்றைக்கே சாமிக்குக் காசு முடிந்து வைத்துவிட்டாள். முதலாளி பெருந்தன்மையாகக் காரைக் கொடுத்தார்.

"எட்துக்கினு போடா. ஒரு கீறல் வுயுந்துதுன்னா நீ மானாம்பதியிலயே இருந்துக்க."

நான் என்ன செய்தேன் என்று கேளுங்கள். மூன்று நாள் அந்தக் காரோடு கிடந்தேன். சீயக்காய்க் கீறலுக்குக் காம்பவுண்டை விரல் நுனியில் தொட்டுத் தொட்டு எடுத்தேன். பாயிடம் போய், எந்த மெழுகு என்று ஒரு மணி நேரம் தர்க்கம் பண்ணி, மஞ்சள் அடிக்காத மெழுகாகப் பார்த்து வாங்கிவந்தேன். இரண்டு பூச்சு, இரண்டு துடைப்பு, கடைசியில் பட்டுப் பந்து. காருக்கென்று நான்கு விதத் துணி தேர்ந்தெடுத்த நான், எனக்கென்று ஒரு சட்டை எடுத்து வைக்கவில்லை. புறப்படும்போது அம்மாதான் கத்தினாள்.

"மூஞ்சியில முள்ளு முள்ளா கீது, சவரம் பண்ணிக்கலியாடா? இன்னா, காரையா பொண்ணுக்குக் காட்டப் போற?"

மானாம்பதியில் காரை அவர்கள் வாசலில் நிறுத்தினேன். பெண்ணின் அப்பா கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போய், ஜன்னலோரம் பெஞ்சில் உட்காரவைத்தார்.

"கார் பளபளன்னு கீதே தம்பி, புச்சா?"

பாவம், மரியாதைக்குக் கேட்டார். நான் பிடித்துக்கொண்டேன். காம்பவுண்டில் ஆரம்பித்து மெழுகுக்கு வந்து, கறுப்பு வண்டிக்கும் வெள்ளை வண்டிக்கும் என்ன வித்தியாசம் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். அம்மா இரண்டு தடவை என் தொடையைக் கிள்ளினாள். அந்த நேரம் பார்த்துப் பெண் காபித் தட்டோடு வந்தாள். வந்தாள் என்று தெரியும். கொலுசுச் சத்தம் கேட்டது, காபி வாசனை வந்தது, டம்ளரை வாங்கிக்கொண்டேன்.

ஆனால் என் கண் ஜன்னலுக்கு வெளியே இருந்தது. பெண்ணின் அத்தை ஒரு கிண்ணத்தோடு காரிடம் போய்க்கொண்டிருந்தாள். நல்ல காரியத்துக்கு வந்த வண்டி, அதற்கும் ஒரு பொட்டு வைப்போம் என்று நினைத்திருப்பாள். குழைத்த மஞ்சளில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு அப்பு, அதன் நடுவில் ஈரக் குங்குமம். பானெட்டின் நட்ட நடுவில்!

குங்குமத்தில் மஞ்சளும் சுண்ணாம்பும் இருக்கிறது. ஈரமாக வெள்ளைப் பெயிண்டில் பட்டால் உள்ளே இறங்கிவிடும். ஆயுத பூஜைக்கு முதலாளி வைத்த மூன்று பொட்டின் கறையை எடுக்க எனக்குத் தீபாவளிவரை ஆயிற்று. அந்த நினைப்பு வந்ததும் புத்தி கெட்டுப்போயிற்று. டம்ளரைப் பெஞ்சில் வைத்துவிட்டு ஒரே ஓட்டம். கட்டியிருந்த வேட்டி நுனியாலேயே பொட்டைப் பரபரவென்று துடைத்து எடுத்தேன்.

அத்தை வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

"அய்யய்யோ, பொண்ணு பாக்க வந்த எடத்துல குங்குமத்த அயிச்சிட்டாரே!"

அப்போதுதான் எனக்கு நான் செய்தது உறைத்தது. உள்ளே ஓடினேன். பெண் இல்லை, அறைக்குள் போய்விட்டிருந்தாள். அவள் அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் சொல்லிக்கொண்டு கிளம்பினோம். பின்சீட்டில் அம்மா உத்திரமேரூர்வரை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். "பாவி, பாவி" என்பதைத் தவிர வேறு பேசவில்லை.

மூன்றாம் நாள் தரகர் வீட்டுக்கு வந்தார்.

"பெரியவங்க வேணான்னுதான் சொன்னாங்க. அந்தப் பொண்ணுதான், குங்குமம் போனா போவட்டும், கறை புடிக்கும்னு தொடச்சிட்டாரு, அதுல இன்னா தப்புன்னு கேட்டுதாம். ஆனா ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கினு வரச் சொல்லிச்சி. அன்னிக்கு அது கட்டிக்கினு இருந்த பொடவ இன்னா கலரு? சொல்லிட்டா தை மாசமே வெச்சிக்கலாமாம்."

ஊரில் இருக்கிற அத்தனை வண்டிக்கும் என்ன நிறம், எந்த மூலையில் மங்கியிருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அந்தப் புடவை? எத்தனை யோசித்தும் கண்ணில் பானெட்தான் வந்து நின்றது. தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று உள்ளே போனேன். நூல் சுற்றிக்கொண்டிருந்த அம்மா, தலை நிமிராமல் காதோடு சொன்னாள். வெளியே வந்து, மார்பை நிமிர்த்திக்கொண்டு அப்படியே ஒப்பித்தேன்.

"அரக்குக் கலரு. ரெண்டு பக்கமும் மயில்கழுத்துக் கரை, ரெட்டப்பேட்டு. ஒடம்பும் கரையும் சேர்ற எடத்துல ஒரு இழை தொய்ஞ்சி இருந்திச்சி."

தரகர் அசந்துபோனார். நான் பாய் கடைக்குப் போய், தை மாசம் கல்யாணம் என்று சொல்லி இரண்டு டீ வாங்கிக்கொடுத்தேன்.

மறுநாளே தரகர் வந்துவிட்டார். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை.

"பதிலு சரியா கீதாம். தொய்ஞ்ச இழை வரைக்கும் சரியாம். ஆனா, அந்தப் பதில சொன்னது நீ இல்லியாம்பா, ஒன் கண்ணு ஜன்னல்லயே இருந்திச்சாம். அந்தப் பொண்ணு இன்னா சொல்லிச்சின்னா..." என்று அம்மாவைப் பார்த்தார். "ஒங்கள பத்திதாம்மா சொல்லிச்சி. 'என்னைய அவங்கம்மாதான் ஒரு இழை வுடாம பாத்து கீறாங்க. அவங்களுக்கு மருமவளா வர எனக்கு ஆசைதான். அவர கட்டிக்காம எப்டி வர்றதுன்னுதான் தெரில'ன்னு சொல்லிச்சிம்மா."

அம்மா சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே இருந்தவள், நூல் சுற்றுகிற ராட்டையின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். "இப்டி ஒருத்திய வுட்டுட்டியேடா" என்றாள்.

அந்தப் பெண்ணுக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆனதும், எனக்கு ஆனதும் பிற்பாடு. ஆனால் அன்று ராட்டையின் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தப் பெண் பார்க்க எப்படி இருந்தாள் என்று அம்மாவைக் கேட்டேன். கெஞ்சிக்கூடக் கேட்டேன். அம்மா சொல்லவில்லை.