இரண்டு பேர் உட்கார

உலுக்கு மாஸ்டருக்கு எதையும் தொட்டுப் பார்க்காமல் இருக்க முடியாது. லிஃப்டில் ஏறினால் உள்ளங்கை சுவருக்குப் போய்விடும். வாஷிங் மெஷின் துணி பிழியும்போது அதன் தலையில் கை வைத்துக் கண்ணை மூடி நிற்பார்.

"என்னங்க, காய்ச்சலா அதுக்கு?" என்பாள் மனைவி.

"பெல்ட்டு தளர்ந்திருக்கு."

"எனக்கும்தான் தளர்ந்திருக்கு. என் தலையில யாரு கை வெக்கறது?"

இளவயதில் தியேட்டர்களில் கிழிந்த இருக்கைகளுக்கு உறை தைத்துப் போட்டுக்கொண்டிருந்தார். ஒரே கட்டடத்தில் இரண்டு திரை. ஒன்றில் படம் ஓடும்போது மற்றதில் வேலை. இருக்கைக்கு அடியில் மல்லாந்து படுத்து போல்ட் கழற்றிக்கொண்டிருந்தபோது ஒருநாள் முதுகின் மேல் யாரோ நடந்ததுபோல் இருந்தது. சத்தம் இல்லை. பக்கத்துத் திரையில் ஓடிய படம் தரை வழியாக, இருக்கையின் இரும்புக் கால் வழியாக அவருக்குள் வந்துகொண்டிருந்தது. குதிரையா, ரயிலா? ஸ்பேனரைப் போட்டுவிட்டு ஓடிப்போய்ப் பார்த்தார். இரண்டும் இல்லை. ஒரு கட்டடத்தை இடித்துக்கொண்டிருந்தார்கள். காதுக்குத் தெரிவது முதுகுக்கு எப்படித் தெரிகிறது என்று அன்றைக்குப் பிடித்த கேள்வி அவரை விடவில்லை.

சோபா தைக்கும் கடை வைத்த பிறகு ஷேக்கர் என்ற பொருள் சந்தைக்கு வந்தது. கனத்த வட்டத் தட்டு. ஒலிபெருக்கிக்குப் போகும் அதே வயர் இதற்கும் போகும். ஆனால் இதற்கு வாய் கிடையாது. உள்ளே ஓர் எடை மேலும் கீழும் குதிக்கும், அவ்வளவுதான். சோபாவின் மரச் சட்டத்தில் இறுக்கிவிட்டால் திரையில் இடி இடிக்கும்போது உட்கார்ந்திருப்பவருக்குத் தொடையில் இடிக்கும். கால்களுக்கு அடியில் ரப்பர் வைத்துவிட்டால் கீழ்வீட்டுக்காரர் கம்பு எடுத்துக்கொண்டு வரமாட்டார். மாஸ்டர் இதைப் பிடித்துக்கொண்டார். பெயர் வந்தது. உலுக்கு என்ற பட்டப்பெயரும் வந்தது.

ஒவ்வொரு சோபாவையும் அவர் சுருதி சேர்க்கும் முறை தனி. ஷேக்கரை மட்டும் விட்டுவிட்டு ஒலிபெருக்கிகளை அணைத்துவிடுவார். படம் ஊமையாக ஓடும். தனியாக உட்கார்ந்து, முதுகால் மட்டும் கேட்பார்.

வீட்டுக்கும் ஒன்று செய்தார். இரண்டு பேர் உட்காரும் சோபா. மரம் தேர்ந்தெடுத்து, ஸ்பாஞ்ச் தேர்ந்தெடுத்து, தனக்கும் மனைவிக்குமாக. அவள் உட்காரவில்லை. அவள் நகரப் பேருந்து ஓட்டுகிறவள். முன்பக்கம் எஞ்சின் வைத்த பழைய வண்டி.

"நாள் பூரா குலுங்கிட்டுத்தான் வரேன். இங்கயும் டிக்கெட் எடுத்துக் குலுங்கணுமா?"

"ஆஃப் பண்ணிடறேன்மா. சும்மா உக்காரு."

"உங்களை நம்ப முடியாது. நடுவுல கை அரிக்கும்."

அது உண்மை. முதுகெலும்பு டாக்டர் அவளை முடிந்தவரை குலுங்காமல் இருக்கச் சொல்லியிருந்தார். "பஸ்ஸ நீங்க ஓட்டறீங்களா டாக்டர்?" என்று கேட்டுவிட்டு வந்திருந்தாள். ஆகவே மாலைகளில் மாஸ்டர் சோபாவில், அவள் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில். சோபாவில் அவர் பக்கம் குழி விழுந்துவிட்டது. அவள் பக்கம் கடையில் இருந்ததுபோலவே உப்பிக்கொண்டு நின்றது. வருகிறவர்கள் கண் முதலில் அங்கேதான் போகும். மாஸ்டர் ஒரு தலையணையைப் போட்டு மறைத்துப் பார்த்தார். அது இன்னும் மோசமாக, யாருக்கோ இடம் பிடித்து வைத்ததுபோல் இருந்தது.

இந்த நிலையில் பல் டாக்டர் கூப்பிட்டார். வீட்டு சோபாவுக்கு எடுத்த அதே மரத்தில், அதே அளவில் அவருக்கும் ஒன்று செய்து கொடுத்திருந்தார் மாஸ்டர்.

"மாஸ்டர், தனியா உக்காந்தா அருமையா அதிருது. என் வீட்டுக்காரம்மா வந்து உக்காந்தா செத்துடுது."

"எங்க வீட்ல வந்து உக்கார்றதே இல்ல சார்."

"சிரிக்காதீங்க. நான்தான் ஏதோ சுவிட்சைத் திருகி வெச்சு அவளை எழுப்பி விடறேன்னு நினைக்கறா."

மாஸ்டர் போய்ப் பார்த்தார். சொன்னது சரிதான். அந்த அம்மாள் உட்கார்ந்த உடனே இடி, வெடி, ஹெலிகாப்டர் எல்லாம் ஈரச் சாக்கில் குத்தியதுபோல் ஆகிவிட்டன. அதுவரை செய்து கொடுத்த சோபாக்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. அத்தனையும் ஒற்றை ஆள் உட்கார்ந்து சுருதி சேர்த்தவை. பக்கத்து இடம் காலியாக இருந்து, ஊஞ்சல் பலகைபோல் ஆடி, அவருக்கு உதவிக்கொண்டிருந்திருக்கிறது. ஷேக்கரையும் ஒவ்வொரு தடவையும் தான் உட்கார்ந்த இடத்துக்குக் கீழேதான் மாட்டியிருக்கிறார்.

இரண்டாவது உடம்புக்கு என்ன செய்வது? வீட்டு சோபாவில் ஒரு மணல் மூட்டையை உட்கார வைத்தார். அது எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது. தண்ணீர் கேன் வைத்தார். அது தன்பாட்டுக்குத் தளும்பி வேறொரு படம் காட்டியது. கடைக்கு எதிரே சாவி போடுகிறவரைக் கூட்டிவந்தார். அவருக்கு இடுப்பில் கூச்சம்.

"இப்ப எப்படி இருக்கு?"

"செம!"

"இப்ப?"

"ஐயோ, செம!"

"நான் இன்னும் ஆன் பண்ணவே இல்லைய்யா."

மனைவியின் வார விடுமுறை நாளில், சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு, மாஸ்டர் கேட்டார். வாடிக்கையாளரிடம் பேசும் குரல் வந்துவிட்டது. "ஒரு உதவி வேணும்."

அவள் விஷயத்தைக் கேட்டாள். மூட்டை, கேன், சாவிக்காரர் என்று எல்லாம் சொன்னார்.

"மணல் மூட்டைக்கு அப்புறம்தான் நானா?"

"முன்னாடியே கேட்டிருந்தா வந்திருப்பியா?"

அவள் சோபாவை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "அதிர்வைக் கூட்டிக் குறைக்கற குமிழ் என் கையில இருக்கணும். முதுகு வலிச்சா அந்த நிமிஷமே நிறுத்துவேன். இன்னொண்ணு, நடுவுல எழுந்தா திரும்ப உக்கார மாட்டேன். தெரிஞ்சுக்குங்க."

தலையணையை எடுத்துத் தரையில் போட்டுவிட்டு உட்கார்ந்தாள். ஸ்பாஞ்ச் பெருமூச்சு விட்டது. நீண்ட வயரில் குமிழை அவள் கையில் கொடுத்துவிட்டு, ஊமைப் படத்தை ஓடவிட்டார் மாஸ்டர். திரையைப் பார்க்காமல் அவள் முகத்தையே பார்த்தார்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "இது ரெண்டாவது கியர்ல மேடு ஏறுது." குமிழைத் திருகினாள். "இது டயர்ல கல்லு மாட்டினது. சே, வேணாம்." இன்னும் குறைத்தாள். "என்னங்க, இது எனக்கு வலது பக்கம் மட்டும்தான் வருது. இடது பக்கம் மரக்கட்டை."

"வலிக்குதா?"

"வலி இருக்கட்டும். எங்க மாட்டியிருக்கீங்க அதை?"

"என் இடத்துக்குக் கீழ."

"ஓஹோ."

மாஸ்டர் ஸ்பேனரை எடுத்தார். ஷேக்கரை நடுச் சட்டத்துக்கு மாற்ற வேண்டும். அதற்கு சோபாவைக் கவிழ்க்க வேண்டும். அவளை எழுந்திருக்கச் சொல்ல முடியாது. டார்ச்சைத் தோளில் இடுக்கிக்கொண்டு, ஸ்பேனரோடு சோபாவுக்கு அடியில் மல்லாந்து நுழைந்தார். அவர் வயிறும் சட்டமும் ஒன்றையொன்று விட்டுக்கொடுக்கவில்லை. மூக்குக்கு மேலே அவள் கனம் கீழ்த்துணியில் இறங்கியிருந்தது. அவள் மூச்சு இழுப்பதற்கெல்லாம் துணி லேசாக அசைந்தது.

"உள்ள என்ன பண்றீங்க, தூங்கறீங்களா?"

"அசையாத. போல்ட் நழுவுது."

"நல்லா இருக்கு கதை. ஓட்டறவ மேல, மெக்கானிக் கீழ. வண்டி மட்டும் நகர மாட்டேங்குது."

நடுச் சட்டத்தில் பிடித்து ஆன் பண்ணச் சொன்னார். "இன்னும் பின்னால." நகர்த்தினார். "முன்னால கொஞ்சம். ரொம்பப் போயிட்டீங்க. அங்க. அங்கயே வைங்க." மேலிருந்து வந்த குரலில் கேலி நின்றுபோயிருந்தது. வேலைக் குரல். அந்தக் குரலை அவர் இதற்குமுன் அவளுடைய பேருந்தில் மட்டும்தான் கேட்டிருக்கிறார். கையால் தடவி, இடத்தைத் தெரிந்துகொண்டு இறுக்கினார். பல் டாக்டர் வீட்டு சோபாவுக்கும் பிறகு அதே இடம்தான் ஆயிற்று.

வெளியே வந்து தூசியைத் தட்டிவிட்டு, தன் குழியில் மெதுவாக உட்கார்ந்தார். இரண்டு பேர் இருந்தும் அதிர்வு சாகவில்லை. முன்பைவிட மிகச் சன்னமாக, ஆனால் எங்கும் இருந்தது.

"முடிஞ்சுது. எழுந்துக்கலாம் நீ."

"ஊமைப் படமே போட்டுக் கொல்றீங்க. சத்தம் வைங்க."

சத்தம் வைத்தார். படத்தில் ஒரு பேருந்து மலைப்பாதையில் கண்மண் தெரியாமல் இறங்கிக்கொண்டிருந்தது.

"இவனுக்கு யாரு லைசென்ஸ் கொடுத்தா? கியரைக் குறைடா," என்றாள் அவள். முதுகைச் சாய்த்துக்கொண்டாள். குமிழ் அவள் மடியில் கிடந்தது.

திருப்பத்தில் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ஒலி நின்றது; ஷேக்கரும் நின்றது. அந்த ஒரு நொடி அமைதியில் மாஸ்டரின் தொடைக்குக் கீழே சட்டம் ஒருமுறை முறுகியது. வயரிலிருந்து வந்ததில்லை அது. குனிந்து பார்த்தார். அவளுடைய வலது கால் தரையை அழுத்தி பிரேக் பிடித்துக்கொண்டிருந்தது.